பெரிய கிளாக்கரின் தாடியும் என் சவரக்கத்தியும்

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தாடி கறுக்கத் தொடங்கியிருந்தது. அப்பா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தார். கூலியாள்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவன் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது அங்கே புதிது. உட்காரவைத்தவர் தோட்டத்தை நடத்திய துரை. எனக்கு இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுத வந்தது. லயத்துப் பையன் என்பதால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைச் சகித்துக்கொள்ள வேண்டியவர் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர். அவர் சகித்துக்கொள்ளவில்லை.

பெரிய கிளாக்கருடைய பாட்டனாரும் எங்கள் ஆள்களைப்போலக் கங்காணிக்குப் பின்னால் மூட்டை சுமந்து மலையேறி வந்தவர்தான். அந்த வரலாற்றை அவர் கழுவித் துடைத்துவிட்டிருந்தார். துரை சிரித்தால் இவரும் சிரிப்பார். எதற்கென்று பிறகு எங்களிடம் விசாரிப்பார். வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் டை, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, அதற்குக் கீழே உரித்த முட்டை மாதிரி ஒரு முகம். அந்த முகத்தில் ஒரு மயிர் தெரிந்து நான் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் என்று அவர் காட்டியது ஒரு சவரக்கத்தியை. திம்புள்ளப் பக்கத்தில் அவர் முன்பு வேலை பார்த்த தோட்டத்துத் துரை, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தன் கத்தியை இவருக்குப் பரிசாகக் கொடுத்தாராம். அந்தத் துரை குதிரையை விற்றார், பியானோவை விற்றார், ஜன்னல் திரைகளைக்கூட விற்றார் என்று அந்தப் பக்கத்து ஆள்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாரும் வாங்காமல் மிஞ்சியதைத்தான் கிளாக்கருக்குக் கொடுத்திருப்பார் என்பது என் எண்ணம். நீல வெல்வெட்டு வைத்த ஒரு பெட்டி, அதற்குள் தந்தப் பிடி போட்ட கத்தி. தீபாவளிக்குத் தோட்டத்து உத்தியோகஸ்தர்களான ஸ்டாப்புக்காரர்கள் அவருடைய குவாட்டர்ஸுக்குப் போனால், பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறப்பார். பார்க்கலாம், தொடக் கூடாது. ஃபேக்டரியைப் பார்க்கும் டீமேக்கரும் மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் சாமி தரிசனத்துக்கு வந்தவர்கள் மாதிரி எட்டிப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மடித்து வைத்த கத்தியின் பிடி மட்டுந்தான் தெரிந்தது. விரித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மூளை இருந்தவர்கள் அந்த அறையில் யாருமில்லை, என்னையும் சேர்த்து.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தோட்டத்து நாவிதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் உட்காருவார். வெள்ளிக்கிழமைக்குள் என் முகம் கரடுமுரடாகிவிடும். பெரிய கிளாக்கர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இது ஆபீஸ், பெரட்டுக்களம் இல்ல. மூஞ்சியில காட்ட வளத்துக்கிட்டு இங்க வந்து குந்தக் கூடாது.”

பெரட்டுக்களம் என்பது விடியலில் கூலியாள்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்துவிடும் இடம். டீமேக்கர் சிரித்தார். அவருடைய சட்டைக் கழுத்து அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருடைய அப்பாவும் டீமேக்கர், என் அப்பா கவ்வாத்துக்காரர். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் என்று எங்களைச் சட்டம் போட்டு ஒதுக்கிவிட்டிருந்த காலம் அது. ஓட்டுரிமை வேண்டாம், குடியுரிமை வேண்டாம், ஆனால் முகம் மட்டும் மழமழவென்று இருக்க வேண்டும். சரி, இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். இவரிடம் உள்ளதைப் போன்ற கத்தியை நானும் வாங்கி, இவரைவிட நன்றாக மழித்துக் காட்டுவேன் என்ற வீம்பு தவிர எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஹட்டனில் ஸ்டேஷனுக்குக் கீழே முஸ்லிம் வியாபாரி ஒருவரின் கடை இருந்தது, நானா கடை என்போம். குடை, டார்ச் லைட், அரிக்கேன் விளக்கு, சப்பாத்துப் பாலிஷ் எல்லாம் விற்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று சவரக்கத்திகள் இருந்தன. நான் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் நானா ஒரு வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்து விரித்தார். கத்தியின் வாய்த்தகட்டில் தங்க நிறத்தில் ஒரு பாய்க்கப்பல் பொறித்திருந்தது. பிடி தந்தம் என்றார். மூக்கருகே கொண்டுபோனால் பாச்சா உருண்டை மாதிரி வாசம் அடித்தது.

“கிளாக்கர்மாரெல்லாம் இதத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தையே அதை வேண்டாம் என்று சொல்லப் போதுமாக இருந்தது. ஆனாலும் மடித்துப் பார்த்தேன். வாய் நடுவில் இறங்காமல் பிடியின் ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு இறங்கியது. தினமும் அப்படி உரசினால் கூர் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இரண்டாவது கத்தியில் ஆணி தளர்ந்து வாய் ஆடியது. மூன்றாவது கறுத்த கொம்புப் பிடி போட்டது, எந்தச் சித்திரமும் கிடையாது, ஜெர்மனியில் செய்தது என்று மட்டும் சின்னதாகப் பொறித்திருந்தது. மடித்தால் வாய் இரண்டு பக்கமும் படாமல் நடுவில் போய் அமர்ந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது கூரில் எங்கும் ஒரு மினுக்கம்கூடத் தெரியவில்லை. மழுங்கிய இடம் இருந்தால்தான் வெளிச்சம் பட்டு மினுங்கும். முதுகு தடிப்பாக இருந்து, இரண்டு பக்கமும் குழிந்து, கூரருகே காகிதமாக மெலிந்திருந்தது. நகத்தால் தட்டினால் ணங் என்று மெல்லிய ஓசை வந்தது. அந்தக் கறுத்த கத்தியையே கேட்டு வாங்கினேன். நானாவுக்கு என்மேல் இருந்த மரியாதை அப்போதே போய்விட்டது. பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

முதல் நாள் சவரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தேன். மயிர் அப்படியே இருந்தது, தோல் வந்துவிட்டது. படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. அன்றைக்கு ஆபீஸில் டீமேக்கர் என்னைப் பார்த்துவிட்டு, சிறுத்தையோடு சண்டை போட்டாயா என்று கேட்டார். அந்த வருஷம் முழுவதும் அவர் செய்த ஒரே வேடிக்கை அதுதான். அதையே பலமுறை சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் பெரும்பாலும் படுக்கவைத்து, முதுகு கன்னத்தை விட்டுச் சற்றே எழும்பியிருக்க, முடி சாயும் பக்கமாகவே ஓட்ட வேண்டும். அழுத்தினால் வெட்டும். கத்தியின் பாரமே வேலையைச் செய்ய விட்டுவிட்டால் வெட்டாது. ஒரு மாதிரி முகம் பழகி வந்த சமயத்தில்தான் அப்பா என் கத்தியைப் பார்த்தார்.

தினமும் கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற கை அது. நான் ஹட்டனுக்குப் போயிருந்த நேரத்தில், வாசற்படியில் கிடந்த சொரசொரப்பான கல்லில் தண்ணீர் தெளித்து, என் கத்தியை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, கிழடு தட்டிய தேயிலைக் கிளையை வெட்டப் போகிறவர் மாதிரித் தீட்டி வைத்துவிட்டார்.

“சும்மா கெடந்துச்சு, தீட்டி வச்சிருக்கேன்டா” என்றார் திருப்தியோடு.

மறுநாள் காலையில் கன்னத்தில் வைத்தேன். அரம் வைத்து ராவியது போலிருந்தது. அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் இரும்பை அப்படித்தான் நடத்தியிருந்தார், இரும்பும் அவருக்கு அடங்கியிருந்தது.

நானா கடையில் சொல்லிவைத்துக் கொழும்பிலிருந்து ஒரு மெல்லிய கல் வந்து சேரும்வரை மறுபடியும் சவுக்கு மரத்தடிக்குப் போனேன். கல் வந்ததும் கத்தியை அதன்மேல் தட்டையாக, முதுகும் கூரும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்து, கூர் முன்னால் போகும்படி தள்ளினேன். நாள்கணக்கில் தள்ளினேன். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கூரில் வைத்தால் தானாக அறுந்து விழவேண்டும், அதுவரை விடவில்லை. பிறகு தினமும் சவரத்துக்கு முன்னால் தோல்பட்டையில் இழுத்தால் போதும். முதலில் ஃபேக்டரியில் ரோலரை ஓட்டுகிற பழைய பெல்ட்டில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஜன்னலில் கட்டினேன். அதில் எஞ்சின் எண்ணெய் ஊறிக் கல்லாகியிருந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. ஒழுங்கான பட்டை ஒன்றை வாங்கினேன். கல்லில் தள்ளுவதற்கு நேர்மாறாகப் பட்டையில் முதுகு முன்னால் போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். ஒரு தடவை மறந்து கூரின் மேல் புரட்டினேன். பட்டையில் ஒரு வாய் திறந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி எங்கள் ஊர் ஈரந்தான். மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த வேட்டியில் பூஞ்சணம் பிடிக்கிற ஊரில் எஃகு எம்மாத்திரம். துடைத்தால் போதாது, அடுப்பருகே காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி, மூடாமல் பலகைமேல் வைக்க வேண்டும். மூடிய பெட்டியில் வைத்த கத்தி ஒரு தென்மேற்கு மழையைத் தாங்காது. இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன், முதல் துருப்புள்ளி விழுந்த பிறகு.

நாவிதர் ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, கத்தி வாங்கியிருக்கீங்களாமே என்று கேட்டார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டாப்புக்காரர்கள் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எப்படித் தீட்டுவது என்று ஒரு பேச்சுக்கு அவரிடம் கேட்டேன்.

“என் தொழில நான் எதுக்குங்க தம்பி ஒங்களுக்குச் சொல்லித்தரணும்? இனிமே ஒங்க மூஞ்சி ஒங்க பொறுப்பு” என்றார். கோபமில்லை. நியாயமான பேச்சாகவே எனக்குப் பட்டது. அந்தத் தோட்டத்தில் என்னோடு நேராகப் பேசிய சிலரில் அவர் ஒருவர்.

பெரிய கிளாக்கர் என் முகத்தில் வந்த மாற்றத்தைக் கவனித்தார். கடைத்தெருக் கத்தி கொஞ்ச நாள் வெட்டும், சீமைக் கத்திக்கு அது ஈடாகாது என்று டீமேக்கரிடம் சொன்னார். தான் எப்படி நுரை போடுவது, எப்படி ஒரே இழுப்பில் தாடையைச் சுற்றி வருவது என்றெல்லாம் விவரித்தார். கழுத்தில் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு என்றார். முடிக்கு எதிராக அப்படி இழுத்தால் கழுத்து அறுபடும்; தானே மழித்துக்கொண்டவன் யாரும் அப்படிப் பேசமாட்டான் என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

இப்படியே வருஷங்கள் போயின. நாவிதர் குடியுரிமைக்கு மனுப் போட்டார், மறுத்துவிட்டார்கள். அவருடைய அப்பா எந்தத் துறைமுகத்தில் எப்போது இறங்கினார் என்பதற்குச் சான்று கேட்டார்களாம். கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போய்விட்டார். போகிற அன்று லயத்து ஆள்கள் ரோடு வரைக்கும் கூடப் போனார்கள். ஸ்டாப்பிலிருந்து நான் மட்டும் போனேன். பெரிய கிளாக்கர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை.

அந்த வாரக் கடைசியிலேயே புரிந்தது. உரித்த முட்டையில் முள் முளைக்கத் தொடங்கியது. கதிர்காம முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகச் சொன்னார். டீமேக்கர் பயபக்தியோடு தலையாட்டினார். தாடி நரைத்தும் நரைக்காமலும் திட்டுத்திட்டாக வந்தது. கண்டாக்குகூட, ஐயாவுக்குச் சாமி முகம் வந்துவிட்டது என்றார். வெளியே இருந்து ஒரு நாவிதரைக் கூப்பிட்டால் விஷயம் நாலு தோட்டத்துக்குப் பரவிவிடும். கடையில் போய் உட்கார்ந்தால் ஹட்டன் முழுக்கத் தெரிந்துவிடும். தான் சொன்ன பொய்க்குள்ளேயே அவர் அகப்பட்டுக்கொண்டு கிடந்தார்.

கொழும்பிலிருந்து வி.ஏ. துரை, கம்பெனிக்காகத் தோட்டங்களைச் சோதிக்கிற விசிட்டிங் ஏஜெண்ட், தோட்டம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் துரை பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, இந்தக் கோலத்தில் வி.ஏ. முன்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நேர்த்திக்கடன் அந்த நிமிஷமே தீர்ந்துபோனது. அன்று பின்னேரம் ஆபீஸ் முடிந்து போகையில் அவர் என் பக்கத்தில் வந்து நடந்தார். குரலில் சர்க்கரை வழிந்தது.

“தம்பி, ஒன் கத்திய எடுத்துக்கிட்டு வீட்டுப்பக்கம் ஒருக்கா வந்துட்டுப் போ. குசினிப் பக்கமா வா. என்னா?”

போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. குசினியில் அவருடைய மனைவி அடுப்புக்கு முன்னால் நின்றார். எப்போதும் தலை குனிந்து நடக்கிற, யாரோடும் அதிகம் பேசாத பெண். அவர் வெல்வெட்டுப் பெட்டியை எடுத்துவந்து, அடுப்படிப் பலகையில் என் முன்னால் வைத்து, தானே திறந்தார். பெரிய கிளாக்கர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த அம்மா அதைப் பார்க்காதவர் போலக் கத்தியை விரித்தார். விரிக்கச் சற்றுப் பலம் வேண்டியிருந்தது. வாய் முழுவதும் செங்கல் நிறத்தில் துரு ஏறி, கூர் இருந்த இடத்தில் பொடிப்பொடியாக அரித்துப்போயிருந்தது.

“இத இவங்க ஒரு நாளும் தொட்டதில்லைங்க தம்பி. விடியக்காலையில அவருதான் இந்தக் கதவால வந்து செரைச்சுட்டுப் போவாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாக்கூட வெளிய நின்னுதான் குடிக்கணும்” என்றார். வருத்தமும் இல்லை, ஏளனமும் இல்லை, சந்தைச் செய்தி சொல்வது மாதிரிச் சொன்னார்.

பெரிய கிளாக்கர் முக்காலியில் உட்கார்ந்து துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார், ஒன்றுமே நடக்காதது போல. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. நாவிதர் வருஷக்கணக்கில் இந்தப் பின்கதவால் வந்திருக்கிறார். அந்தக் காலமெல்லாம் ஆபீஸில் இவர் அவரைச் சாதி சொல்லித் திட்டியிருக்கிறார். நான் பட்டையை எடுக்கவில்லை.

“ஐயா, முன் வராந்தாவுல நாற்காலி போடுங்க. அங்க செஞ்சுவிடுறேன்” என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. லயத்துப் பயல் எனக்கு நிபந்தனை போடுகிறாயா என்று ஆரம்பித்து என் அப்பா, அம்மா, சாதி எல்லாவற்றுக்கும் போனார். நான் கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பிப் போகாமல், வீட்டுக்குள் நடந்து முன்வாசலால் வெளியே போனேன்.

வி.ஏ. வந்த அன்று காலையில் பெரிய கிளாக்கர் ஆபீஸுக்குள் நுழைந்தபோது டீமேக்கரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. துருப்பிடித்த சீமைக் கத்தியால் அவரே மழித்திருந்தார். தாடி பாதி போயிருந்தது, பாதி இருந்தது. கன்னத்திலும் தாடையிலும் பேப்பர்த் துண்டுகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் ரத்தம். வி.ஏ. துரை சற்று நேரம் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டார். ரோஜாச்செடி வெட்டும்போது முள் கீறிவிட்டது என்று இவர் பதில் சொன்னார். வி.ஏ. எங்கள் துரையைப் பார்த்தார். எங்கள் துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாங்கள் எல்லாரும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். கண்டாக்கு ஏதோ சாமான் எடுக்கப் போகிறவர் மாதிரி வெளியே ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது.

தாடையில் பட்ட காயம் ஆறவில்லை. சீழ் வைத்து வீங்கியது. அதன்மேல் மறுபடியும் முடி முளைத்து, காயத்தில் போட்ட கட்டுத்துணியோடு ஒட்டிக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சர் கத்தரிக்கோலால் முயன்று பார்த்தார், தொட்டால் அலறுகிறாராம். சுத்தமாக மழித்துவிட்டால்தான் மருந்து போட முடியும் என்று சொல்லிவிட்டாராம். ஆபீஸுக்கு அவர் வராமல் இருந்த அந்த நாள்களில் ஒரு பகல் வேளை அவருடைய மனைவி ஆபீஸுக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லார் முன்னாலும் என் மேசைக்கு நேரே வந்து நின்றார்.

“நாற்காலி முன்னாலதாங்க தம்பி போட்டிருக்கேன். வாங்க” என்றார்.

அவர் சொன்னபடியே நாற்காலி முன் வராந்தாவில் கிடந்தது. பக்கத்து முக்காலியில் சுடுதண்ணீரும் துணியும் இருந்தன. பெரிய கிளாக்கர் என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிவரை திறக்கவேயில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு கீழே ரோட்டில் போனார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். பட்டையில் இழுத்து, நுரை போட்டு, கட்டுத்துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். இப்படி ஒரு நாள் வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கையில் கிடைத்தது சீழ் நாற்றமடிக்கிற, நடுங்குகிற ஒரு தொங்கு தாடை. இதற்குப் பயந்தா இத்தனை வருஷம் ஐயா ஐயா என்று நின்றோம் என்றுதான் தோன்றியது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் படிப்பவர்களுக்குப் பிடிக்கலாம், ஆனால் வரவில்லை.

முடித்ததும் அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தட்டில் தேநீர் கொண்டுவந்தார், விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட பீங்கான் கோப்பையில். அவருடைய கணவர் சற்றுமுன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்து குடித்தேன். உள்ளேயிருந்து பெரிய கிளாக்கர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் போகவில்லை, தூணில் சாய்ந்து நின்று, கீழே போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றச் சொன்னேன்.